மூடி போட்ட கோப்பை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, எங்கிருந்து எடுத்தாய் என்று சட்டையைப் பிடிக்கக் கூடாது.

நீதிமன்றத்துக்கு நான் போனது வேறு வேலையாக. என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கும் சுவர்த் தகராறு. அதில் நான் சாட்சி. இதோ கூப்பிடுவார்கள், அதோ கூப்பிடுவார்கள் என்று நடைகூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மிகப் பருத்த மனிதர் ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றார். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாம் கை வைத்த நாற்காலிகள். அவருடைய உடம்பு அதற்குள் போகாது. அருகில் ஒல்லியாக ஒரு பெண். அவள் கையில் மூடி போட்ட ஒரு பேப்பர் கப். அதிலிருந்து அவள் எதையும் குடிக்கவில்லை, அதைக் கீழே வைக்கவும் இல்லை.

உள்ளே போகும் நேரம் வந்தது. வாசலில் நின்ற ஊழியர், "இதெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாதும்மா" என்று கப்பை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். டக்கென்று வெற்றுச் சத்தம் கேட்டது. காலி கப். அதைப் பிடுங்கியதற்கு அவள் முகம் போன போக்கு இருக்கிறதே, அதுதான் என்னை வீடுவரை துரத்திக்கொண்டு வந்தது.

நான் பார்த்தது இவ்வளவே. அவர்கள் யார், என்ன கேஸ், ஒன்றும் தெரியாது. என்னைக் கூப்பிட்டார்கள், போய்ச் சுவரைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. தைரியமாகச் சந்தேகப்படலாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அன்று காலை எழுந்ததிலிருந்தே அவளுக்கு மனசு சரியி

வேண்டாம். கதைகளில் மனசு சரியில்லாமல் எழுந்திருக்கும் பெண்கள் ஏற்கெனவே எக்கச்சக்கம்.

பிறகு இப்படி:

ஒருவர் தின்று பருத்துப்போனால் அதற்குத் தின்றவர் பொறுப்பா, தின்னும்படி செய்து விற்றவர் பொறுப்பா என்ற வினாவைச் சட்டம் எதிர்கொள்ளும்போது

இது கட்டுரை. கொட்டாவி வரும். ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை. கதை முழுக்க இந்த அரை வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. ஓரமாகக் கிடக்கட்டும்.

மூன்றாவது முறை: அண்ணன் தையல்காரர். தங்கை ருசி பார்ப்பவள்.

இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

அண்ணனுடைய கடை வீட்டின் முன்னறைதான். ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, டப்பா டப்பாவாகப் பொத்தான்கள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தங்கை வளர்ந்தது அந்த மேஜைக்கு அடியில். கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். பின்னால் ரொம்ப நேரம் சத்தமே இல்லையென்றால் அண்ணனுக்குப் புரிந்துவிடும். மெஷினை நிறுத்துவார், திரும்புவார், அவள் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டி, "துப்பு" என்பார். துப்புவாள். அதைச் சட்டையில் ஒரு துடை துடைத்து, வாடிக்கையாளர் உடுப்பில் வைத்துத் தைத்துவிடுவார். அப்படித்தான் அவளுக்குப் 'பொத்தான்' என்ற பெயர் விழுந்தது. வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் வீட்டில் அவள் பொத்தான்தான்.*

* இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. சொன்னால் கெட்டுவிடும். சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பருத்தது ஒரே நாளில் அல்ல. நாளெல்லாம் உட்கார்ந்த வேலை. மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் அளவு டேப்போடு ஒரு வறுவல் பொட்டலமும் தொங்கும். ஒரு தையலுக்கு ஒன்று, ஒரு தையலுக்கு ஒன்று. வயிறு முன்னால் வர வர நாற்காலி பின்னால் போயிற்று. நாற்காலி பின்னால் போகப் போக மெஷினின் மிதிபலகைக்குக் கால் எட்டவில்லை. இப்போது பொத்தான் கட்டுவது, ஓரம் மடிப்பது, இவ்வளவுதான் வேலை. சர்க்கரை வேறு. குடும்பம் ஓடுவது தங்கையின் சம்பளத்தில்.

3

தங்கை வேலை பார்ப்பது அந்த வறுவலைச் செய்யும் கம்பெனியில். கம்பெனிக்கு உள்ளே யாரும் அதை வறுவல் என்று சொல்வதில்லை. 'பொருள்' என்பார்கள். பொருள் வந்துவிட்டதா, பொருளில் புளிப்பு கூடிவிட்டதா, இப்படி.

ருசி பார்க்கும் அறையில் சின்னச் சின்னத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலி, ஒரு சிவப்பு விளக்கு. நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காகச் சிவப்பு. எதிரே ஒரு சின்னக் கதவு தூக்கப்படும், தட்டு வரும், கதவு இறங்கும். தட்டு வைத்தவர் முகம் தெரியாது. ஒன்றை எடுத்து வாயில் போட்டு, மென்று, எத்தனை மொறுமொறுப்பு, எத்தனை உப்பு என்று மதிப்பெண் போட்டுவிட்டு, இடது பக்கம் இருக்கும் மூடி போட்ட கப்பில் துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. அது வேலையின் விதி. நாள் முழுக்க வரும் மாதிரிகளை விழுங்கினால் வயிறு நிறைந்து நாக்கு மழுங்கிவிடும். இதில் சதி ஒன்றும் இல்லை. எந்தக் கம்பெனியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அந்தப் பொருளில் ஒரு துணுக்கைக்கூட விழுங்கியதில்லை. வேலைக்கு வெளியிலும் அதை அவள் தொண்டை ஏற்காது.

அடுத்தது காத்திருப்பு அறை. வெளியாட்களைக் கூட்டிவந்து புதுப் பொருளைக் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். உள்ளே கூப்பிடும்வரை அவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேஜையில் ஒரு கிண்ணம் நிறைய அதே பொருள். யாரும் சாப்பிடச் சொல்வதில்லை, சாப்பிட வேண்டாம் என்று சொல்வதுமில்லை. வேண்டுமென்றே தாமதமாகத்தான் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் உள்ளே போய்ச் சொல்லும் கருத்தை ஒருவரும் பெரிதாக மதிப்பதில்லை. அவர்கள் போன பிறகு கிண்ணத்தை நிறுத்துப் பார்ப்பதுதான் உண்மையான பரீட்சை. எந்தக் கிண்ணம் வந்தவர்கள் அறியாமலே காலியானதோ, அந்தப் பொருள் கடைக்கு வரும்.

இந்தக் கிண்ணத்தின் கதையை அவள் ஒருநாள் சாப்பிடும்போது அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவர் கை பாதியில் நின்றது. "அப்போ அவங்களுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"நிறுத்த முடியாதுன்னு."

"அண்ணா, அது ஒரு கணக்குக்காகப் பண்றது. நீ வேற."

"நிறுத்த முடியாம செஞ்சாத்தான் விக்கவே விடுவாங்க. அப்படித்தானே?"

அடுத்த வாரம் அவர் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கிண்ணத்தைப் பற்றிச் சொன்னவள், கப்பைப் பற்றி அண்ணனிடம் இதுவரை மூச்சு விட்டதில்லை. எப்படிச் சொல்வாள்? கம்பெனியில் ஊழியர்களுக்கு உடைசல் பொட்டலம் இலவசம். ஆணியில் தொங்கியதில் பாதி அவள் கொண்டுவந்தது. நான் துப்புவதைத்தான் நீ தின்கிறாய் என்று சொல்ல எந்த வாய்க்கு வரும்?

4

கேஸ் போட்டதும் தெருவே சிரித்தது. "தின்னது நீ, தண்டம் அவனா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். நீங்களும் உள்ளுக்குள் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன்.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தங்கையைத் தன் சாட்சியாகக் கூப்பிட்டது. ஒரே வீடு, ஒரே சோறு. அவளோ நாள்தோறும் அந்தப் பொருளோடேயே கிடப்பவள். அவள் ஒல்லி, அவர் குண்டு. அப்படியென்றால் குற்றம் பொருளிலா, மனிதரிலா? இதைவிட நல்ல சாட்சி எந்த வக்கீலுக்குக் கிடைக்கும்? போதாததற்கு அந்த மாதமே அவளை ருசி அறைக்குத் தலைவியாக்கினார்கள்.

மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இருக்கிறதைச் சொன்னாப் போதும்மா. தினமும் ருசி பாக்குறீங்க, நல்லா இருக்கீங்க. அதுக்கு மேல யாரும் கேக்கப் போறதில்ல."

வீட்டில் அண்ணன் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார். "உன்னை அவங்க பக்கம் சாட்சியா கூப்பிட்டிருக்காங்களாமே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லப் போறேன். பக்கம் என்ன பக்கம்."

"திடீர்னு தலைவி ஆக்கினாங்களே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லு."

"உன் கேஸுக்கு முன்னாடியே அந்தப் பேச்சு இருந்துச்சு."

"பேச்சு முன்னாடி இருந்துச்சு. காரியம் பின்னாடிதானே நடந்துச்சு?"

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். சோறு போடறப்போ சிரிக்கறதுக்காகச் சொன்ன கதை அது. அதைக் கொண்டுபோய் கேஸாக்கிட்டியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? என் வேலை போனா நாம என்ன பண்றதுன்னு யோசிச்சியா?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "எனக்குக் காசு வேணாம் பொத்தான். எதிர்ல வர்றவன் முதல்ல என் வயித்தைப் பாக்கறான், அப்புறம்தான் மூஞ்சி. வாயைக் கட்டத் தெரியாதவன்னு நெனைக்கிறான். டாக்டரும் அதையேதான் சொல்றார். நானும் அப்படியேதான் நெனைச்சு நெனைச்சு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். இது முழுசா உன் தப்பு இல்லப்பான்னு மேல உக்காந்திருக்கிற ஒருத்தர் சொல்லணும். அது ஒண்ணு போதும்."

அவளுக்குப் பாவமாக இருந்தது. அடுத்த நொடியே சந்தேகமாகவும் இருந்தது: இதை அவர் வக்கீல் சொல்லிக்கொடுத்தாரா?

படுக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். தினமும் ருசி பார்ப்பாயா? ஆமாம். அதில் பொய் இல்லை. வேலையும் போகாது. துப்புவாயா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

5

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தி இவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். எனக்கு இவள் மேல் நம்பிக்கை குறைகிறது. பொய் சொல்லாமல் ஏமாற்றத் தெரிந்தவள். இப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

[சரி, நான் மட்டும் யோக்கியமா? ஒவ்வொரு பகுதியையும் சின்னதாக வெட்டி, முடிவில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அடுத்த எண்ணைக் கண்ணில் படும்படி போடுகிறேன். கப் எதற்கு என்பதை மூன்றாம் பகுதிவரை இழுத்தடித்தேன். நீங்கள் எங்கே வேண்டுமானாலும் எழுந்து போயிருக்கலாம். யார் பிடித்து வைத்தது? எழுந்து போக மாட்டீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் எழுதினேன் என்று நானே ஒப்புக்கொண்டால், அப்போது சட்டம் என்ன சொல்லும்?]

இந்த அடைப்புக்குறியை எடுத்துவிடலாம் என்று இருந்தேன். எடுப்பது கிண்ணத்தை மறைக்கிற வேலையாகத் தோன்றியது. அப்படியே விட்டுவிட்டேன்.

6

முதலில் அண்ணனை விசாரித்தார்கள். கம்பெனி வக்கீல் குரல் உயர்த்தாதவர். எதிராளியைக்கூட "வாங்க, உட்காருங்க" என்று அழைக்கும் ரகம். அண்ணனால் சாட்சி நாற்காலியில் உட்கார முடியாது என்று தெரிந்தும் உட்காரச் சொன்னார். அண்ணன் நின்றபடியே பதில் சொன்னார்.

"தைக்கும்போது உள்ள கொஞ்சம் கூடுதல் துணி விடுவீங்க இல்லையா?"

"விடுவோம்."

"எதுக்கு?"

"ஆள் பெருத்தா பிரிச்சு விடறதுக்கு."

"அப்போ உங்க வாடிக்கையாளர் பெருப்பார்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியுது. அவர் பெருத்ததுக்கு நீங்க பொறுப்பா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணன் சொன்னார்: "நான் பிரிச்சு விட வழி வெச்சுத் தைக்கிறேன். அவங்க எந்த வழியை வெச்சாங்க?"

இந்தப் பதிலை எழுதிவிட்டு நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். பிறகு சந்தேகம் வந்தது. கூண்டில் நிற்கும் மனிதருக்கு, முழங்கால் வலியோடு, இவ்வளவு கச்சிதமாக வார்த்தை வருமா? வராது. அவர் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதில் என்னுடையது. அவருக்கு உதவட்டுமே என்று கொடுத்தேன். வழக்கில் சேராது.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். வாசலில் கப் போயிற்று. அதை ஏன் வீட்டிலிருந்தே கொண்டுவந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பதற்றம் வந்தால் சிலர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவளுக்கு அது.

"நீங்க தினமும் இந்தப் பொருளை ருசி பாக்குறீங்களா?"

"ஆமாங்க."

"எத்தனை வருஷமா?"

"அண்ணா குண்டாகறதுக்கு முன்னாடியிருந்தே."

வக்கீல் மகிழ்ந்துபோனார். இதோடு விட்டிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். ஆனால் கையோடு ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அண்ணனுடைய வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அனுமதித்தார். கம்பெனி வக்கீல் பொட்டலத்தைப் பிரித்து மரியாதைக்கு நீதிபதியிடமும் நீட்டினார். "எனக்கு பிரஷர்" என்றார் அந்த அம்மாள்.

"நீங்க தினமும் செய்யற மாதிரியே ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நிறுத்திக் காட்டுங்க. நிறுத்த முடியும்னு கோர்ட் பாக்கட்டும்."*

* ருசி பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை என்று ஒரு வக்கீலுக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கும் நெருடுகிறது. அவர் ருசி அறைக்குள் ஒருநாளும் போனதில்லை. 'தினமும் ருசி பார்ப்பாள்' என்று மேனேஜர் சொன்னார். மீதி அவருக்குத் தெரிந்திருக்கும் என்று மேனேஜர் நினைத்தார். பெரிய இடங்களில் தவறுகள் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். நாக்கு தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது: உப்பு ஒரு பிடி தூக்கல், புளிப்பு தாமதமாக வருகிறது, எண்ணெய் புதிது. மதிப்பெண்கூடப் போட்டுவிட்டாள். அதன் பிறகு இடது கை தானாக எழுந்து பக்கத்தில் தேடியது. கூண்டின் கட்டை தட்டுப்பட்டது. கை மறுபடி தேடியது. அங்கே கப் இல்லை.

அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"ருசி எப்படி இருக்கு?" என்றார் வக்கீல்.

வாயைத் திறக்க முடியாது. விழுங்கலாம் என்று பார்த்தாள். தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது. கன்னம் உப்பியபடி நின்றாள்.

"என்னம்மா? பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

கடைசி வரிசையில் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. வக்கீலின் சிரிப்பு மட்டும் இன்னும் முகத்திலேயே இருந்தது.

அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். அவருக்குத்தான் நாற்காலி இல்லையே. உப்பிய கன்னம், பேச்சில்லாத வாய், காற்றில் துழாவும் கை, எல்லாவற்றையும் பார்த்தார். நடந்தார். ஊழியர், "சார், அங்க போகக் கூடாது" என்று கூடவே ஓடினார். அவர் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. அவள் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினார்.

"துப்பு பொத்தான்."

7

இங்கிருந்து இரண்டு வழி. இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

(அ) துப்புகிறாள். அண்ணனுடைய வக்கீல் துள்ளி எழுகிறார். "தினமும் செய்யற மாதிரி செய்யச் சொன்னீங்க. செஞ்சுட்டாங்க. கம்பெனி தன் ஆளுக்கே விழுங்கக் கூடாதுன்னு விதி வெச்சிருக்கு!" நிறுத்த வேண்டுமென்றால் துப்பித்தான் நிறுத்த முடியும் என்று நாளை ஊரே பேசும். அது வெறும் தொழில் வழக்கம் என்று கம்பெனி தலையால் அடித்துக்கொள்ளும். அதுவும் உண்மைதான், யார் கேட்பார்கள்? அடுத்து கிண்ணத்தைப் பற்றிக் கேட்பார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். வேலை போகும். அண்ணனுக்கு அவர் கேட்ட அந்த ஒரு வாக்கியம் ஒருவேளை கிடைக்கும். கூடவே, இத்தனை வருஷமும் தங்கை தான் துப்பும் பொருளையே வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்பதும்

(ஆ) விழுங்குகிறாள். கண்ணில் நீர் வர, முதன்முறையாக. "நல்லா இருக்கு" என்கிறாள். வக்கீல் தலை வணங்குகிறார். பாருங்கள், ஒன்றோடு நிறுத்திவிட்டார் என்கிறார். வேலை இருக்கும், அடுப்பு எரியும். அண்ணன் நீட்டிய வெறுங்கையோடு சுவருக்குத் திரும்பி நடப்பார். தெருவில் எல்லோரும் சொன்னது சரிதான் என்று அன்றிலிருந்து அவரும்

இரண்டையும் முடிக்கவில்லை. முடிக்க வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் அந்தக் கையைப் பார்க்கிறாள். பருத்துப்போன கை, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. மேஜைக்கு அடியில் பொத்தான் வாங்கிய அதே கைதான். தங்கை திணறுகிறாள் என்று பழக்கத்தில் நீண்ட கையா? அல்லது அந்த ஒரு நொடியில் எல்லாம் புரிந்து, கேஸ் ஜெயிப்பதற்காக நீண்ட கையா? அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கிறாள். வேர்த்திருக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை. அதை எழுதியிருக்க வேண்டியவன் நான். எனக்கும் தெரியவில்லை. நான் அவரை நடக்கவிட்டேன், பேசவிட்டேன். உள்ளே போய்ப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நீங்கள் அவரை முதல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். அவர் கதைக்குள் நுழைந்தபோதே வயிற்றைப் பார்த்தீர்களா, முகத்தைப் பார்த்தீர்களா என்பதைப் பொறுத்தது அது.

வக்கீல் மறுபடியும் கேட்கிறார். நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார். வாயில் இருப்பது கரைந்துகொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் துப்பவும் ஒன்றும் மிஞ்சாது. கை நீட்டியபடியே இருக்கிறது.

அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள்.